திருமலையில் மொபைல் புரோட்பேண்ட்: காசு கட்ட முதல் ராத்திரி 8 மணிக்குச் சோதித்துப் பாருங்கள்

வீட்டுக்கு நெட் எடுக்க வேண்டும், எந்தக் கொம்பனி நல்லது என்று திருகோணமலையில் நாலு பேரிடம் கேட்டால் நாலு பதில் வரும், அதில் ஒருவரும் பொய் சொல்வதில்லை. உவர்மலை மேட்டில் பறக்கிற சிம், பாலையூற்றில் ஒரு ஒழுங்கைக்குள் வந்ததும் தவழலாம். நிலாவெளியில் காலையில் வடிவாக வேலை செய்வது பின்னேரம் படுத்துவிடலாம். அதனால் இங்கே கொம்பனிகளுக்குப் புள்ளி போடப் போவதில்லை. மொபைல் புரோட்பேண்டின் நல்லது கெட்டது எல்லாம் உங்கள் வீடு இருக்கும் இடத்தையும் நீங்கள் பாவிக்கும் நேரத்தையும் பொறுத்தவை. பக்கேஜ் விலைப்பட்டியலைப் பார்த்து அதைக் கண்டுபிடிக்க முடியாது. வீட்டில் நின்று சோதித்தால்தான் தெரியும்.

மொபைல் புரோட்பேண்ட் என்று நான் சொல்வது மூன்று விதமான பாவனையை. போனிலிருந்து ஹொட்ஸ்பொட் போட்டுக்கொள்வது, சட்டைப்பைக்குள் போகிற பொக்கட் ரவுட்டர் அல்லது டொங்கிள், அப்புறம் சுவரில் செருகி வீட்டில் ஒரே இடத்தில் வைக்கிற 4ஜி ரவுட்டர். பெட்டிதான் வேறு வேறு. மூன்றுக்கும் டேட்டா வருவது பக்கத்து டவரிலிருந்து காற்று வழியாகத்தான். ஒரு 4ஜி டவர் 20 மெகாஹேர்ட்ஸ் அலைவரிசையை வைத்துச் சாதாரண முறையில் கொடுக்கக்கூடிய உச்ச வேகம் கணக்குப்படி 150 எம்பிபிஎஸ் அளவு. அது உங்களுக்கு மட்டும் வருவதில்லை, டவரின் அந்தப் பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் எல்லா வீட்டுக்கும் பங்கு. போதாததற்கு, தூரத்தில் சிக்னல் குறைவாக இருப்பவர் அதே ஒரு பாட்டைக் கேட்க டவரின் நேரத்தைக் கூடுதலாகப் பிடித்துக்கொள்வார். பின்னேரம் நெட் ஏன் இழுபடுகிறது என்பதற்கான விளக்கம் பெரும்பாலும் இவ்வளவுதான்.

யாருக்குப் பொருந்தும், யாருக்குப் பொருந்தாது

ரவுணுக்குள் இருந்து, உங்கள் ஒழுங்கை வரை ஃபைபர் வந்திருந்து, இன்னும் சில வருடம் அந்த வீட்டை விட்டு எழும்பப் போவதில்லை என்றால் ஃபைபரை எடுங்கள். அதில் யோசிக்க ஒன்றும் இல்லை. மழைக்கும் அசையாது, பின்னேரக் கூட்டத்துக்கும் அவ்வளவாக அசையாது, டேட்டாவும் மலிவாக வரும். மொபைலைக் கைக்காவலாக வைத்துக்கொள்ளுங்கள்.

மொபைல்தான் சரி என்கிற ஆட்களும் இந்த மாவட்டத்தில் நிறைய. வாடகை வீட்டில் இருப்பவர்கள் முதல் ஆள், ஏனென்றால் வீட்டுக்காரரிடம் சுவரில் துளை போட அனுமதி கேட்கவும் வேண்டாம், வீடு மாறும்போது கனெக்ஷன் மாற்ற அலையவும் வேண்டாம், பெட்டியைத் தூக்கிப் பையில் போட்டுக்கொண்டு போகலாம். (வீட்டுக்கென்று கொடுக்கிற சில 4ஜி ரவுட்டர்களைப் பதிந்த இடத்தில் மட்டும் பாவிக்கச் சொல்வார்கள், அதை வாங்க முதலே கேட்டுக்கொள்ளுங்கள்.) கோணேசபுரி வளாகத்தில் படிக்க வெளியூரிலிருந்து வந்து அறை எடுத்திருக்கும் பிள்ளைகளுக்கு இதுதான் வசதி, விடுமுறை மாதம் ரீலோட் போடாமல் விட்டுவிடலாம், ஒருவரும் பில் அனுப்பமாட்டார்கள். குச்சவெளி, புல்மோட்டை, ஈச்சிலம்பற்று, வெருகல் பக்கம் உள்பாதைகளில் ஃபைபர் வரும் என்று காத்திருந்தால் பிள்ளை ஏஎல் முடித்துவிடும். உப்புவெளியில் சீசனுக்கு மட்டும் அறை கொடுப்பவர்களுக்கும் மாதாமாதம் கட்டுகிற கனெக்ஷன் அநியாயம்.

பொருந்தாத ஆட்களும் உண்டு. வீட்டில் நாலைந்து பேர் ஒரே நேரத்தில் வீடியோ பார்க்கிறீர்கள், பெரிய டிவியில் படம் ஓடுகிறது, ஒருவர் வீட்டிலிருந்தே வெளிநாட்டுக் கொம்பனிக்கு வேலை செய்கிறார் என்றால் மொபைலில் மாதம் முடிய முதல் டேட்டா முடியும், டேட்டா முடிய முதல் பொறுமை முடியும்.

சோதிக்கிற விதம்

கடையில் நின்று சோதிக்காதீர்கள். மத்திய வீதிக் கடைக்குள் எல்லா சிம்மும் ஓடும். உங்கள் வீட்டில், நீங்கள் உண்மையில் பாவிக்கப் போகிற மூலையில் சோதியுங்கள். அதற்காகப் புது சிம் வாங்கவும் தேவையில்லை. ஒவ்வொரு கொம்பனி சிம்மும் சொந்தக்காரர் யாரிடமாவது இருக்கும், பின்னேரம் தேத்தண்ணிக்கு வரச் சொல்லிவிட்டு அவர்கள் போனில் ஹொட்ஸ்பொட் கேளுங்கள், டேட்டாவுக்கு ஒரு சின்ன ரீலோட் போட்டுக் கொடுத்தால் போதும்.

இலங்கையில் இப்போது மொபைல் நெட்வொர்க் என்று பார்த்தால் டயலொக், எஸ்எல்டி மொபிடெல், ஹட்ச் மூன்றுதான். எடிசலாட் 2018இல் ஹட்சோடு சேர்ந்தது, எயார்டெல் 2024இல் டயலொக் கைக்குப் போனது. எனவே டயலொக் ஒன்று, பழைய எயார்டெல் ஒன்று என்று இரண்டு சிம் வைத்துக்கொண்டு, ஒன்று விழுந்தால் மற்றது இருக்கிறது என்று நம்பிக்கொண்டிருக்க வேண்டாம்.

ஒரே நாளில் மூன்று நேரம் பாருங்கள்: விடியக் காலை, மத்தியானம், ராத்திரி 8 மணிக்கும் 10 மணிக்கும் இடையில். கடைசி நேரம்தான் முக்கியம், அதுவும் ஞாயிற்றுக்கிழமை என்றால் இன்னும் நல்லது. விடியக் காலை 40 எம்பிபிஎஸ் காட்டிவிட்டு ராத்திரி 3க்கு இறங்குகிற கனெக்ஷனும், எந்த நேரமும் 12இலேயே நிற்கிற கனெக்ஷனும் முன்னுக்கு இருந்தால் நான் கண்ணை மூடிக்கொண்டு 12ஐத்தான் எடுப்பேன். நிலாவெளி, உப்புவெளிக்காரர்கள் இன்னொன்றையும் கணக்கில் எடுக்க வேண்டும். ஏப்ரல், மே தொடங்கி செப்டெம்பர் வரை சுற்றுலாக்காரர் நிறைந்திருப்பார்கள், அந்த மாதங்களில் பின்னேர வேகம் வேறு மாதிரி இருக்கும். பெப்ரவரியில் சோதித்து வாங்கிவிட்டு ஓகஸ்ட்டில் கவலைப்படுவதில் பிரயோசனம் இல்லை.

வேகம் பார்க்கிற செயலிகளை முழுசாக நம்பிவிடாதீர்கள். ஸ்பீட்டெஸ்ட் பெரும்பாலும் கொழும்பிலோ அதே கொம்பனிக்குள்ளோ இருக்கிற சேர்வரைப் பிடித்துச் சோதிக்கும், உள்ளூர்ப் பாதை வேகமாக இருப்பதில் ஆச்சரியம் இல்லை. அதோடு கனடாவிலோ லண்டனிலோ இருக்கிற யாருக்காவது வட்ஸ்அப் வீடியோ கோல் ஒன்று எடுத்துப் பத்து நிமிடம் கதையுங்கள், யூடியூபில் 720பி வீடியோ ஒன்றை நடுவில் இழுத்துவிட்டுப் பாருங்கள். முகம் உறையாமல் வந்தால் சரி. (வேகச் சோதனையும் டேட்டா தின்னும், நல்ல வேகம் உள்ள இடத்தில் ஒரு தடவை அமத்தினால் 50 எம்பிக்கு மேலும் போகும், விளையாட்டுக்கு அமத்திக்கொண்டிருக்க வேண்டாம்.)

சிக்னல் கட்டைகளை எண்ணுவதை விட இலக்கத்தைப் பார்ப்பது நல்லது. அன்ட்ராய்டில் நெட்வொர்க் செல் இன்ஃபோ மாதிரி இலவச செயலி போட்டால் தெரியும், ஐபோனில் *3001#12345#* அடித்தால் ஒரு பக்கம் திறக்கும். அதில் ஆர்எஸ்ஆர்பி என்று கழித்தல் அடையாளத்தோடு ஒரு இலக்கம் இருக்கும், டவரின் சிக்னல் எவ்வளவு பலமாக வருகிறது என்று அது சொல்லும், பூச்சியத்துக்குக் கிட்ட வர வர நல்லது. கழித்தல் 85 அளவில் இருந்தால் சந்தோசம், 100 வரை சமாளிக்கலாம், 110ஐத் தாண்டிவிட்டால் அந்த மூலையில் ரவுட்டர் வைக்கிற யோசனையை விடுங்கள். அதற்குப் பக்கத்தில் எஸ்ஐஎன்ஆர் என்று இன்னொன்று, அது சத்தத்துக்கு நடுவில் சிக்னல் எவ்வளவு தெளிவு என்று சொல்வது. 20க்கு மேல் என்றால் அருமை, 10 பக்கம் பரவாயில்லை, பூச்சியத்துக்குக் கீழே என்றால் கட்டை முழுக்க நிறைந்திருந்தாலும் வீடியோ திணறும்.

இந்த இரண்டாவது இலக்கம் எங்கள் ஊருக்கு அதிகம் தேவைப்படும். அலை தண்ணீருக்கு மேலால் தடையில்லாமல் வெகுதூரம் போகும். மூதூர்க் கரையிலோ உட்துறைமுக வீதியில் மேல்மாடியிலோ நிற்கிற போன் குடாவைத் தாண்டி அக்கரை டவரையும் கேட்கும், பக்கத்து டவரையும் கேட்கும், எதைப் பிடிப்பது என்று முழித்துக்கொண்டு நிற்கும். அப்படியான வீட்டில் கடல் பார்த்த ஜன்னலை விட்டுவிட்டு, டவர் இருக்கிற பக்கத்து ஜன்னலில் ரவுட்டரை வைத்தால் கட்டை ஒன்று குறைந்தாலும் வேகம் கூடலாம்.

பெட்டி வாங்கும்போது

டொங்கிளை இனி வாங்காதீர்கள் என்றுதான் சொல்வேன். லப்டொப்பில் செருகினால் அந்த லப்டொப்புக்கு மட்டும், அதற்கும் டிரைவர் தேடி அலைய வேண்டும், போன் ஹொட்ஸ்பொட் அதை விட நன்றாக வேலை செய்யும். ஒரு ஆள், எப்பவாவது நெட் என்றால் ஹொட்ஸ்பொட்டே போதும், ஆனால் போன் சூடாகும், பற்றரி இறங்கும், நீங்கள் கடைக்குப் போனால் வீட்டு நெட்டும் கூடவே போய்விடும். பொக்கட் ரவுட்டர் பயணக்காரருக்கு. வீட்டில் நிரந்தரமாக என்றால் 4ஜி ரவுட்டர்தான், அன்டெனா பெரிது, வைஃபை எல்லா அறைக்கும் எட்டும்.

பொக்கட் ரவுட்டரை வீட்டு ரவுட்டராக்கி 24 மணித்தியாலமும் சார்ஜரில் செருகி ஜன்னலோரம் வெயிலில் வைத்திருக்கிற வீடுகள் இங்கே எத்தனையோ. சித்திரை வெக்கைக்குள் அந்தப் பற்றரி ஊதாமல் என்ன செய்யும்? பின்மூடி ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு, மேசையில் வைத்தால் தட்டையாக நிற்காமல் ஆடும். அப்படி ஆடுகிற பெட்டியை அமத்தி மூடப் பார்க்காதீர்கள், பற்றரியைக் கழற்றி வீட்டுக்கு வெளியே வையுங்கள். சில மொடல்கள் பற்றரியைக் கழற்றிவிட்டுச் சார்ஜரில் மட்டும் ஓடும், உங்களுடையது அப்படியா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

வெளிநாட்டிலிருந்து யாரும் ரவுட்டர் கொண்டுவந்து தந்தாலோ, பழைய பெட்டி ஒன்றை மலிவாக வாங்கினாலோ இரண்டு விஷயம் பார்க்க வேண்டும். ஒன்று, அது ஒரு கொம்பனிக்குப் பூட்டப்பட்டதா என்பது. சோதிக்கிற வழி சுலபம், வேறு கொம்பனி சிம்மைப் போட்டுக் கடையிலேயே ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள், "வீட்ட கொண்டுபோய்ப் போடுங்க தம்பி, வேலை செய்யும்" என்றால் வேண்டாம். இரண்டாவது, ஐஎம்இஐ இலக்கம். 2025 ஜனவரி முதல், தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் அங்கீகாரம் இல்லாத, சிம் போடுகிற புதுச் சாதனங்களை நெட்வொர்க்கில் சேர்ப்பதில்லை என்று அறிவித்திருக்கிறார்கள். ரவுட்டரின் அடியில் ஒட்டியிருக்கிற 15 இலக்க ஐஎம்இஐயைப் பாருங்கள், போன் என்றால் *#06# அடித்தால் வரும். ஐஎம்இஐ என்று ஆங்கில எழுத்தில் அடித்து ஒரு இடைவெளி விட்டு அந்த 15 இலக்கத்தையும் அடித்து 1909க்கு எஸ்எம்எஸ் அனுப்பினால் பதில் வரும். காசு கொடுக்க முதல் அனுப்புங்கள். விற்கிறவர் அவசரப்படுத்தினால் அதுவே உங்களுக்கு விடை.

ரவுட்டர் எங்கே உட்கார வேண்டும்

டிவிக்குப் பக்கத்தில் ஷோகேஸுக்குள் வைப்பதுதான் எங்கள் வீட்டு வழக்கம். அதை மாற்றுங்கள். ரவுட்டருக்கு டவர் தெரிய வேண்டும், அதாவது டவர் இருக்கிற பக்கத்து ஜன்னல், முடிந்தளவு உயரம். கூரை தகரம் என்றால் உள்ளுக்குச் சிக்னல் வெகுவாகக் குறையும், அஸ்பெஸ்டோஸ் சீற் அல்லது ஓடு என்றால் அவ்வளவு தடை இல்லை, கொங்கிறீற் பிளேட் போட்ட வீட்டில் கீழ்த்தட்டை விட மேல்தட்டு எப்போதும் மேல். இரும்புக் கிராதி போட்ட ஜன்னலை விட மரச்சட்டத்து ஜன்னல் நல்லது. போனில் அந்தச் செயலியைத் திறந்து வைத்துக்கொண்டு வீட்டைச் சுற்றி மெதுவாக நடந்தால், ஒரே அறைக்குள் இரண்டு முழத் தூரத்தில் இலக்கம் பத்துக்கு மேல் மாறுவதைக் கண்ணால் காணலாம். ரவுட்டரிலேயே பார்ப்பதென்றால் பெட்டியின் அடியில் உள்ள முகவரியை பிரவுசரில் அடியுங்கள், ஹுவாவி என்றால் பெரும்பாலும் 192.168.8.1, மற்றவற்றில் 192.168.0.1 அல்லது 192.168.1.1. உள்ளே போனதும் முதல் வேலையாக அட்மின் பாஸ்வேர்டை மாற்றுங்கள்.

தம்பலகாமம் வயலோரம், கந்தளாய் உள்பக்கம் மாதிரி டவர் தூரமான இடங்களுக்கு வெளி அன்டெனா உண்மையிலேயே உதவும், ஆனால் ரவுட்டரின் பின்பக்கம் அதற்குத் துளை இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வாங்குங்கள். கேபிள் நீள நீள சிக்னல் அதிலேயே செத்துவிடும், 5 மீற்றருக்குள் முடிப்பது நல்லது. கடற்கரைப் பக்கம் இன்னொரு தொல்லை உப்புக்காற்று. ஒரு வருடம் கழித்து அன்டெனா மூட்டைக் கழற்றிப் பார்த்தால் பித்தளை பச்சை பிடித்திருக்கும், நடுக்கம்பி கறுத்திருக்கும், வீட்டுக்காரர் கொம்பனியைத் திட்டிக்கொண்டிருப்பார். மூட்டின் மேல் தண்ணீர் போகாத றப்பர் டேப்பை இறுக்கிச் சுற்றிவிட்டால் இந்தத் தொல்லை இல்லை. ஒக்டோபர், நவம்பரில் பின்னேரம் வானம் இருண்டு வந்தால், இடி முழங்கத் தொடங்க முதலே அன்டெனாக் கேபிளையும் கரண்ட் பிளக்கையும் இரண்டையுமே கழற்றுங்கள். ஒன்றைக் கழற்றி ஒன்றை விட்டால் கழற்றாததற்குச் சமம்.

ஒன்லைனில் விற்கிற சிக்னல் பூஸ்டர் பெட்டிகளை வாங்காதீர்கள். ஆணைக்குழுவின் அனுமதி இல்லாமல் அதைப் பாவிப்பது சட்டவிரோதம், உங்களுக்குக் கூடுகிற மாதிரி இருந்தாலும் ஒழுங்கை முழுக்கச் சிக்னலைக் குழப்பிவிடும்.

டேட்டா எங்கே போகிறது

முதலில் கணக்கு. விளம்பரத்தில் 8 எம்பிபிஎஸ் என்று போட்டால் ஒரு செக்கனுக்கு 1 எம்பி கோப்பு இறங்கும், எட்டு அல்ல. யூடியூப் 480பியில் மணித்தியாலத்துக்குச் சுமார் அரை ஜிபி, 1080பிக்குப் போனால் ஒன்றரைக்கு மேல். பலர் சேர்ந்த ஸூம் வகுப்பு வீடியோவோடு ஒரு ஜிபியைச் சாதாரணமாகத் தாண்டும், வீடியோவை நிறுத்திக் குரல் மட்டும் கேட்டால் அதில் சொற்பம்தான். பிள்ளைக்குக் கிழமைக்கு எத்தனை மணித்தியாலம் ஒன்லைன் டியூஷன் என்று பெருக்கிப் பாருங்கள், எந்தப் பக்கேஜ் என்பது தானாக வரும்.

டேட்டா மாயமாகப் போகிறது என்று கிண்ணியாவில் போன் கடை வைத்திருக்கிற நானாவிடம் முறையிட்டால் அவர் முதலில் கேட்கிற கேள்வி, "லப்டொப்ப மீட்டர்ட் போட்டீங்களா?" என்பதுதான். சரியான கேள்வி. உங்கள் போனும் லப்டொப்பும் ரவுட்டரைச் சாதாரண வைஃபை என்றே நினைக்கும், வைஃபை என்றால் டேட்டா கணக்கில்லை என்று நினைத்து அப்டேட், போட்டோ பக்கப், செயலி இறக்கம் எல்லாவற்றையும் அவிழ்த்துவிடும். விண்டோஸில் அந்த வைஃபையின் செட்டிங்கில் போய் மீட்டர்ட் கனெக்ஷன், அதாவது டேட்டா அளந்து வருகிற கனெக்ஷன், என்பதை ஓன் பண்ணுங்கள். அப்டேட் பகுதியில் டெலிவரி ஒப்டிமைசேஷன் என்று ஒன்று இருக்கும், மற்றக் கம்பியூட்டர்களோடு பங்கு போடுவதை அங்கே நிறுத்துங்கள், இல்லாவிட்டால் உங்கள் காசில் ஊருக்கு அப்டேட் அனுப்பிக்கொண்டிருக்க நேரலாம். அன்ட்ராய்டிலும் வைஃபை பெயரைத் தொட்டு உள்ளே போனால் மீட்டர்ட் என்று மாற்றலாம், ஐபோனில் லோ டேட்டா மோட். வட்ஸ்அப்பில் வீடியோ தானாக இறங்குவதை வைஃபைக்கும் சேர்த்து நிறுத்துங்கள், ஊர்க் குழுக்களில் விடியக் காலையிலேயே வருகிற வணக்க வீடியோக்கள் மட்டுமே மாதத்தில் ஒரு கணிசமான தொகை.

பக்கேஜ் பெரிதாகத் தெரிவதற்கு ஒரு காரணம், அதில் பெரும் பகுதி நள்ளிரவுக்குப் பிறகு மட்டும் பாவிக்கக்கூடிய இரவு டேட்டாவாக இருப்பது. வாங்கும்போது எந்த நேரமும் பாவிக்கிற பங்கு எவ்வளவு என்று மட்டும் பாருங்கள். மற்றதை, பெரிய கோப்புகளையும் அப்டேட்களையும் இரவுக்கு நேரம் குறித்துவைத்து இறக்கப் பழகினால் வீணாகாது, பழகாவிட்டால் அது பேப்பரில் இருக்கிற டேட்டா. பேஸ்புக்குக்கு, யூடியூபுக்கு என்று தனியாக விற்கிற பக்கேஜ்களில் இன்னொரு பொறி உண்டு: பேஸ்புக்குக்குள் ஒரு செய்தி லிங்கை அமத்தினால் அது பேஸ்புக் அல்ல, மற்ற டேட்டாவில் வெட்டும், அது முடிந்திருந்தால் ரீலோட்டில் வெட்டும். அன்லிமிடெட் என்று எழுதியிருந்தால் கீழே சின்ன எழுத்தைப் படியுங்கள். எத்தனை ஜிபிக்குப் பிறகு வேகம் எவ்வளவுக்கு இறங்கும், ஹொட்ஸ்பொட் விடுமா, இந்த இரண்டுக்கும் விடை கிடைக்காமல் பணம் கட்ட வேண்டாம். விலையும் வரியோடு எவ்வளவு என்று கேளுங்கள், 2024 ஜனவரி முதல் வற் வரி மட்டுமே 18 வீதம்.

எடுத்த பிறகு தெரியவரும் குறைகள்

வெளிநாட்டில் இருக்கிற பிள்ளைகள் அப்பா அம்மாவின் வீட்டில் சிசிடிவி பூட்டிவிட்டு அங்கிருந்து பார்ப்பது இங்கே இப்போது சாதாரணம். மொபைல் கனெக்ஷனில் ஒரே பொது ஐபி முகவரியைப் பல வாடிக்கையாளர்கள் பங்கு போடுவார்கள், அதனால் வெளியிலிருந்து நேராக உங்கள் வீட்டுக் கமெராவுக்குள் வர வழி இருக்காது. வெளியிலிருந்து நேராக உள்ளே வர ரவுட்டரில் வழி (போர்ட்) திறந்து பார்க்கிற பழைய முறை டிவிஆர், அதாவது கமெராப் பதிவுப் பெட்டி, இதில் வேலை செய்யாது, கொம்பனியின் கிளவுட் வழியாகப் பார்க்கிற மொடல் வேண்டும். பூட்ட வருகிறவரிடம் "4ஜியில்தான் ஓடப்போகிறது" என்று முதலே சொல்லிவிடுங்கள். அனுப்பும் வேகம் இறக்கும் வேகத்தை விடப் பெரும்பாலும் குறைவு, நாலு கமெராவையும் முழுத் தெளிவில் 24 மணித்தியாலமும் அனுப்பினால் டேட்டா ஒரு கிழமையும் நிற்காது, அசைவு தெரிந்தால் மட்டும் அனுப்புகிற மாதிரி வையுங்கள். ஒன்லைன் கேம் விளையாடுகிறவர்களுக்கும் இதில் பாதி நிம்மதிதான், வேகம் இருந்தாலும் தாமதம் கூடிக் குறைந்துகொண்டிருக்கும்.

அப்புறம் மாரி. மழை மட்டும் 4ஜியைப் பெரிதாகக் கெடுக்காது, கெடுப்பது கரண்ட். டவருக்கும் கரண்ட் வேண்டும், போனால் பற்றரியில் சில மணித்தியாலம் ஓடும், ஜெனரேட்டர் இல்லாத டவர் அதோடு சரி. 2022இல் ஒரு நாளைக்குப் 13 மணித்தியாலம் வரை கரண்ட் வெட்டிய காலத்தில் வீட்டில் ரவுட்டருக்கு யூபிஎஸ் (கரண்ட் போனாலும் ஓட்டுகிற பற்றரிப் பெட்டி) வைத்திருந்தவர்களும் டவர் இறந்ததும் சும்மா பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். 2020 டிசம்பர் 2 இரவு புரெவி புயல் திரியாய், குச்சவெளிப் பக்கமாகக் கரையேறியது, அந்த மாதிரி இரவில் இரண்டு கொம்பனி சிம் இருந்தாலும் இரண்டும் ஒரே கோபுரத்தில் தொங்கிக்கொண்டிருந்தால் சேர்ந்தே விழும். அதனால் இரண்டாவது சிம் எடுக்கும்போது அது வேறு டவரிலிருந்து வருகிறதா என்று பாருங்கள், டவரின் திசையைப் பார்த்தே ஓரளவு தெரியும். ரவுட்டருக்கு மினி யூபிஎஸ் ஒன்று வாங்கி வையுங்கள், அடப்டரில் எழுதியிருக்கிற வோல்ட்டுக்குச் சரியாகவும் அம்பியருக்குக் குறையாமலும் பாருங்கள். புயல் எச்சரிக்கை வந்த அன்றே, நெட் இருக்கும்போதே, தேவையான இலக்கங்களையும் வரைபடத்தையும் போனில் இறக்கிவைத்துவிடுங்கள். 2025 ஜூலையில் ஸ்டார்லிங்க் வந்த பிறகு டவர் இல்லாமலே நெட் எடுக்க வழி இருக்கிறது, ஆனால் சாதாரண வீட்டுக்கு அந்த விலை எட்டாது, ஹோட்டல்காரர் யோசிக்கலாம்.

முறைப்பாடும் வெளியேறுவதும்

வேகம் இல்லை என்று ஹொட்லைனுக்கு எடுத்தால் "ரவுட்டரை ஓஃப் பண்ணி ஓன் பண்ணுங்க" என்று சொல்வார்கள், இதுவரை நான் எடுத்த கோல்களில் அதைச் சொல்லாத ஆளைக் காணவில்லை. முதலே செய்துவிட்டு எடுங்கள். நெட் ஸ்லோ என்று மட்டும் சொல்லாமல், இன்ன தேதி, இன்ன நேரம், இன்ன இடம், ஆர்எஸ்ஆர்பி இவ்வளவு, வேகம் இவ்வளவு என்று ஸ்கிரீன்ஷொட்டோடு சொன்னால் விஷயம் தொழில்நுட்பப் பக்கம் போகும். முறைப்பாட்டு இலக்கத்தைக் கட்டாயம் வாங்குங்கள். சிக்னல் நன்றாக இருந்து ராத்திரி மட்டும் வேகம் விழுகிறது என்றால் அது டவரின் கூட்டம், அதை ஒழுங்கையில் நாலைந்து பேர் சேர்ந்து முறையிட்டால்தான் ஏதாவது அசையும். கொம்பனி கையை விரித்தால் ஆணைக்குழுவின் 1900க்கு எடுத்து அந்த முறைப்பாட்டு இலக்கத்தையும் கொடுங்கள்.

மாதக் கட்டணத்தில் ரவுட்டர் எடுத்திருந்து வேண்டாம் என்று முடிவெடுத்தால், காசு கட்டாமல் விட்டால் தானாக வெட்டுப்படும் என்று இருந்துவிடாதீர்கள், பில் ஏறிக்கொண்டே போகும். கிளைக்குப் போய் எழுத்தில் கொடுத்து நிறுத்துங்கள், பெட்டி திருப்பிக் கொடுக்க வேண்டியது என்றால் அடப்டரையும் சேர்த்துக் கொடுத்து, தேதி போட்ட பற்றுச்சீட்டு வாங்குங்கள், அடுத்த மாதம் பில் வருகிறதா என்றும் ஒருக்கால் பாருங்கள்.